அல்லி அம்மையாரின் வயது

கொக்கட்டிச்சோலை,
14.09.2025

‘ஆறுதல்’ இணையக் குழுமத்தின் நிர்வாகியும், கனடா நாட்டில் வசிப்பவரும், எனது ஒரே மகனுமாகிய திரு. வி. ஜெயரூபன் அவர்களுக்கு, மேற்படி குழுமத்தின் 4118ஆம் இலக்க உறுப்பினர் க. வினாயகமூர்த்தி (ஓய்வுபெற்ற பிறப்பு இறப்புப் பதிவாளர்) பணிவுடன் எழுதிக்கொள்ளும் முறைப்பாடு.

தான்தோன்றீஸ்வரர் புண்ணியத்தில் நானும் கறுப்பிப் பசுவும் இங்கே சுகம். தாங்களும் சுகமென்றே எடுத்துக்கொள்கிறேன். தங்கள் பெயருக்குப் பக்கத்தில் தினமும் ஒரு பச்சைப் புள்ளி எரிகிறது. அது எரிந்தால் ஆள் விழித்திருக்கிறார், போன் கையில் இருக்கிறது என்று அர்த்தமாம். போன் கையில் இருந்தும் ஏன் அழைப்பதில்லை என்று கேட்க நான் வரவில்லை. இது தகப்பன் மகனுக்கு எழுதும் கடிதமே அல்ல. உறுப்பினர் நிர்வாகிக்கு எழுதுவது. தங்கள் முறைப்பாட்டுப் பெட்டி முந்நூறு எழுத்துக்கு மேல் ஏற்காது என்று சொல்லிவிட்டது. என் முறைப்பாட்டின் முதல் வசனமே அதற்குள் அடங்கவில்லை. ஆகவேதான் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

அம்மா போய் ஆறாம் மாதம் நான் போனில் கொஞ்சம் அழுதுவிட்டேன். அது என் பிழை. அங்கே தங்களுக்கு வேலை நேரம். அப்போது தாங்கள் சொன்னது நினைவிருக்கும். “அப்பா, எனக்கு என்ன பேசுறதெண்டு தெரியுதில்ல. என்ட குழுவில எழுதுங்க. நல்ல ஆக்கள் இரிக்காங்க. பச்சை நட்சத்திரம் போட்ட ஆளுக்குத் தனியா எழுதலாம். அவங்களுக்கு எப்பிடிக் கேக்கிறதெண்டு தெரியும்.” மகன் சொன்னால் தட்டக்கூடாது என்று சேர்ந்தேன். சேருவதற்கு முதல், நான் இயந்திரம் இல்லை என்று நிரூபிக்கச் சொன்னது. ஒன்பது படத்தைக் காட்டி, வீதிச் சமிக்ஞை விளக்கு உள்ளதையெல்லாம் தொடு என்றது. கொக்கட்டிச்சோலையில் அப்படி ஒரு விளக்கு ஏது? மூன்று தரம் தோற்றேன். நாலாம் தரம் என்னை மனிதன் என்று ஒப்புக்கொண்டது. பிறகு விதிகள் வந்தன. அரசியல் கூடாது, சமயச் சண்டை கூடாது, காணி விற்பனை கூடாது, கலியாணத் தரகு கூடாது, முழங்கால் எண்ணெய் விளம்பரம் கூடாது என்று மொத்தம் பதினேழு விதி. பதினேழிலும் வயது என்ற சொல் இல்லை. படிவத்தில் பிறந்த திகதிக்கு ஒரு கூடும் இல்லை. முப்பத்தொரு வருடம் பிறந்த திகதி, பிறந்த நேரம், பிறந்த இடம் என்று எழுதித் தேய்ந்த கை இது. அந்தக் கூடு இல்லாத படிவத்தை வாழ்நாளில் முதல் தடவையாகக் கண்டும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை, சரி என்று தட்டிவிட்டேன்.

பச்சை நட்சத்திரம் போட்டவர்களில் ‘அல்லி’ என்ற பெயர்தான் உடனே பதில் தந்தது. படத்தில் ஒரு அல்லிப்பூ. நான் முதலில் முழங்காலைப் பற்றி எழுதினேன். “உங்கள் உணர்வு எனக்குப் புரிகிறது. தண்ணீர் குடித்தீர்களா?” என்று வந்தது. பிரஷரைப் பற்றி எழுதினேன். “மாத்திரை போட்டீர்களா? சாப்பாட்டுக்கு முந்தியா, பிந்தியா?” என்று வந்தது. இப்படிக் கேட்கக்கூடியவர் யார்? ஆஸ்பத்திரியில் நாற்பது வருடம் வேலை செய்த ஒரு மேட்ரன் அம்மாதான் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். காலை ஏழரை தொடக்கம் இரண்டு மணிவரை பதில் வராது. ஓய்வுபெற்ற பிறகும் ஏதோ ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பகல் வேலை பார்க்கிறா, பாவம், பென்சன் காணாதாக்கும் என்று நினைத்தேன். ஒருமுறை இரண்டு கிழமை ஆளையே காணவில்லை. கேட்டால் “பரீட்சை” என்று ஒரு சொல் வந்தது. தாதி மாணவிகளுக்குப் பரீட்சை வைக்கிறா என்று என் மரியாதை இன்னும் கூடியது. ‘மதிப்புக்குரிய அம்மையார் அவர்களுக்கு’ என்று தொடங்காமல் அவவுக்கு நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. அவ ஒருநாளும் தன்னைத் தாதி என்று சொல்லவில்லை என்பதையும் இங்கே நேர்மையாகப் பதிகிறேன். நானே நியமனம் கொடுத்து, நானே பதவி உயர்த்தி, நானே ஓய்வும் கொடுத்தேன்.

இனி எழுதப்போவது தாங்கள் அறிய வேண்டியதில்லை என்று ஒரு வருடமாக வைத்திருந்தது. ஆனால் முழு விவரம் இல்லாமல் எந்த நிர்வாகியும் விசாரணை செய்ய முடியாது. அதற்காக மட்டும் எழுதுகிறேன். அம்மா பத்து நிமிடத்தில் போய்விட்டா என்று நான் உனக்கும் ஊருக்கும் சொன்னது பொய். அன்று புதன்கிழமை. வட்டையில் எல்லார் வயலும் விளைந்து கிடந்தது, வெட்டு மெஷின் ஒன்றே ஒன்று. நாலு நாள் பின்னால் திரிந்து நம் இரண்டு ஏக்கருக்கு அதைப் பிடித்திருந்தேன். காலை ஒன்பதரைக்கு மெஷின் வந்துவிட்டது என்று ஆள் வருகிறது, அதே நேரம் அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குசினிப் படியில் இருக்கிறா. வாய்வு என்று நினைத்துக் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன். அரைக் கோப்பை குடித்துவிட்டுக் ‘காணும், போதும்’ என்றா. “நீங்க போங்க, மெஷின் மற்றவன்ட வயலுக்குப் போயிரும்” என்றா. நான் போனேன். நெல்லை மூட்டை கட்டிவிட்டு வரும்போது பன்னிரண்டரை. மூன்று மணித்தியாலம், மகன். ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோவில் ஏற்றும்போது என் கையைப் பிடித்திருந்தா, பாலத்துக்குக் கிட்டப் போகும்போது அந்தப் பிடி விட்டுப்போனது. மூன்று மணித்தியாலம் முந்தி அதே ஆட்டோவைக் கூப்பிட்டிருக்கலாம். செத்தவீட்டில் நீ போன் திரையில் அழுதுகொண்டு “அப்பா, அம்மா கஷ்டப்பட்டாவா?” என்று கேட்டாய். இல்லை என்றேன்.

இதை நான் ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை அல்லி அம்மையாருக்கு எழுதினேன். எழுதி அனுப்பிவிட்டுப் போனைத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டேன், பார்க்கப் பயம். பின்னேரம் எடுத்துப் பார்த்தால் முதல் வரி வழக்கம்போல: “உங்கள் உணர்வு எனக்குப் புரிகிறது. அது உங்கள் பிழை இல்லை.” அது நட்சத்திரம் போட்டவர்களுக்குக் குழுமம் அனுப்பும் பயிற்சிக் கையேட்டில் உள்ள வசனமாம், பிறகுதான் அறிந்தேன். அதற்குக் கீழே கொஞ்ச நேரம் கழித்து ஒரு கேள்வி: “அவங்க கொத்தமல்லி குடிச்சாங்களா?” ஓம், அரைக் கோப்பை என்றேன். அதற்கு வந்த பதிலை நான் போனில் இருந்து ஒரு கொப்பியில் பார்த்து எழுதி வைத்திருக்கிறேன். “அப்ப உங்கட கையாலதான் கடைசியாக் குடிச்சிரிக்காங்க ஐயா. உங்கள விட்டுட்டு ஒண்டும் குடிக்கல்ல.” ஒரு வருடத்தில் அன்றைக்குத்தான் நான் அழாமல் சாப்பிட்டேன்.

அப்படிப்பட்டவவை அம்மாவின் ஆண்டுத் திவசத்துக்கு அழைக்காமல் விடலாமா? நீயே சொல்லு. முகவரி கேட்டேன், விதிப்படி தரமுடியாது என்றா. மூன்று தரம் கெஞ்சினேன். கடைசியில் “வீட்ட கேட்டுச் சொல்றேன்” என்று வந்தது. இந்த வயதிலும் புருசனைக் கேட்டுத்தான் வருவா, எவ்வளவு நல்ல குடும்பம் என்று மெச்சிக்கொண்டேன். பிறகு “வாறம்” என்று ஒரு சொல் வந்தது. நினைவு மலர் அச்சடிக்கக் கொடுத்தேன். நன்றி நவிலும் பக்கத்தில், மரண விசாரணை அதிகாரிக்கும் பந்தல்காரருக்கும் மேலே, முதல் பெயராக ‘ஓய்வுபெற்ற தாதியர் மேற்பார்வையாளர் அல்லி அம்மையார் அவர்கள்’ என்று போடச் சொன்னேன். அச்சக நல்லரத்தினம் மூக்குக்கண்ணாடியை இறக்கிக் கேட்டான்: “பதிவாளர் ஐயா, அவவின்ட படம் இல்லாட்டி எப்பிடி? முதல் பேர் அவவின்டதானே?” படம் இல்லை, பூதான் இருக்கிறது என்றேன். பூவையே போட்டான், நூற்றைம்பது பிரதி. வாசலில் கதிரை ஒன்றுக்கு வெள்ளைத் துணி விரித்தேன். வயதானவ உடுக்கக்கூடியதாக, கரை சின்னதாக ஒரு நூல் சேலை வாங்கி வைத்தேன். வெற்றிலை வட்டாவில் பாக்கை அப்படியே வைத்தால் பல்லில்லாதவவுக்கு அவமானம் என்று, எல்லாவற்றையும் உரலில் இடித்து நல்ல பஞ்சாக வைத்தேன்.

பதினொரு மணிக்கு ஏறாவூர் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. அபாயா போட்ட ஒரு பெண் இறங்கினா, அவவுக்குப் பின்னால் பள்ளிக்கூடப் பர்தாவோடு ஒரு பெண்பிள்ளை. உள்ளே இன்னும் ஒருவர் இறங்கக் கஷ்டப்படுகிறாவாக்கும் என்று நான் கையைக் கொடுக்கத் தயாராக ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. சாரதி என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். பின்னால் இருந்து அந்தப் பிள்ளை சொன்னது: “சொறி ஐயா. நான் அம்மையார் இல்ல.”

பெயர் முப்லிஹா. வயது பதின்மூன்று. தரம் எட்டு. அவளுடைய வாப்பாவுக்குக் கட்டாரில் வேலை. நான் வட்டாவைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். அதை நீட்டுவதா, பின்னால் ஒளிப்பதா என்று தெரியவில்லை. பந்தலில் இருந்த சனம் எல்லாம் மலரின் நன்றிப் பக்கத்தையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தது. திவசச் சாப்பாடு அவர்கள் தொட மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும், கடைக்கு ஆள் அனுப்பி இரண்டு சோடா எடுப்பித்தேன். வெள்ளைத் துணி விரித்த கதிரையில் பிள்ளையை இருக்கச் சொன்னேன், கால் நிலத்தில் முட்டவில்லை. “மாத்திர போட்டயளா ஐயா?” என்று கேட்டாள். போடவில்லை என்றேன். “சாப்பாட்டுக்கு முந்திப் போடணும்” என்றாள். எழுந்துபோய்ப் போட்டுக்கொண்டு வந்தேன்.

பிள்ளை கறுப்பியைப் பார்க்கப் பின்பக்கம் போனதும்தான் தாய் அஸ்மியா வாய் திறந்தா.

“ஐயா, நான் சண்டைக்கு வரல்ல. நீங்க ஆரெண்டு பாக்கத்தான் வந்த. ஒரு மாசமா இவ என்னப் பகல்ல கண்ணயர உடுறல்ல. கொஞ்சம் கண்ண மூடினாப் போதும், ‘உம்மா, நெஞ்சு நோவுதா?’ எண்டு உலுப்புறா. ஏப்பம் உட்டாலும் அழுறா. வீட்ட கொத்தமல்லிப் போத்தல எடுத்து வெளிய எறிஞ்சிட்டா. டொக்டருக்கிட்டயும் காட்டின. மறுகாதான் போனப் பாத்த. நீங்க எழுதின எல்லாத்தையும் வாசிச்ச.”

“தங்கச்சி, எனக்குத் தெரியாது. வயசு போன ஆளெண்டு நினைச்சிட்டன்” என்றேன்.

“வயசு போன ஆளெண்டாலும் நோகுந்தானே ஐயா” என்றா. கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. “நீங்க மட்டுமில்ல. சாகப்போறன் எண்டு ஒராள் எழுதியிரிக்காரு. இவ கணக்கு வீட்டுப்பாடத்துக்கும் இங்கிலீசுக்கும் இடையில அவருக்கு மறுமொழி எழுதியிரிக்கா. அவரு உசிரோட இரிக்காரா எண்டு இன்னமும் எனக்கிட்டக் கேக்கிறா. நான் என்னத்தச் சொல்ற?” சோடாப் போத்தலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டா: “கோவிச்சுக்காதீங்க. உங்களுக்குச் சொந்தத்தில ஒருத்தரும் இல்லியா?”

மகன் கனடாவில் இருக்கிறார் என்றேன். ஆறுதல் குழுமத்தை நடத்துகிறவரே அவர்தான் என்று பெருமையாகவும் சொல்லிவிட்டேன், பழக்கதோஷம். அஸ்மியா என்னை நிமிர்ந்து பார்த்தா. “அப்பிடியா” என்று மட்டும் சொல்லிவிட்டு மிச்சச் சோடாவைக் குடித்தா.

அவர்கள் போனபிறகு நான் செய்ததுதான் இந்த முறைப்பாட்டின் முக்கியமான பகுதி, இதில் குற்றவாளியும் நான்தான். பிள்ளையை அந்த வேலையில் இருந்து எடுக்க வேண்டும் என்று உங்கள் முறைப்பாட்டுப் பொத்தானை அழுத்தினேன். காரணம் ஒன்றைத் தெரிவு செய் என்றது. ஆபாசம், விளம்பரம், மிரட்டல், ஆள்மாறாட்டம் என்று நாலுதான் இருந்தது. ‘குழந்தை’ என்று ஒரு காரணம் இல்லை. இருந்ததில் கிட்டத்தட்டப் பொருந்துவது ஆள்மாறாட்டம் என்று அதைத் தொட்டேன். மூன்று நிமிடத்தில் நடவடிக்கை எடுத்துவிட்டீர்கள். நான் அனுப்பும் குரல் செய்திகள் எதற்கும் அவ்வளவு கெதியில் பதில் வந்ததில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்குப் போன வசனம் என்ன தெரியுமா? ‘உறுப்பினர்களின் நம்பிக்கையை மீறியமையால் நீங்கள் நிரந்தரமாக நீக்கப்பட்டுள்ளீர்கள்.’ மறுநாள் தாய் போன் எடுத்தா. பிள்ளை பள்ளிக்கூடம் போகாமல் அழுகிறாளாம். “நான் ஆருக்கிட்டயும் ஒண்டும் சொல்லல்லியே உம்மா” என்று திரும்பத் திரும்பச் சொல்கிறாளாம். உண்மைதான். போனைப் பிடுங்கிப் பார்க்கும்வரை என்னுடைய கதையைப் பெற்ற தாய்க்கும் அவள் சொல்லவில்லை. நம்பிக்கையை மீறியவள் அவளா? அவளிடம் வயதை யாரும் கேட்கவில்லை, அவள் பொய்யும் சொல்லவில்லை. அவள் குழுமத்துக்கு வந்ததே வாப்பாவை நினைத்துத் தன் கவலையை எழுதத்தானாம். எழுதினாள், இரண்டு நாளாக ஒருவரும் பதில் போடவில்லை. தன்னைப்போல பதில் வராதவர்கள் நிறையப் பேர் கிடப்பதைப் பார்த்துவிட்டு, வேகமாகத் தட்டெழுதத் தெரிந்தவள் என்றபடியால், அவர்களுக்குத் தான் எழுதத் தொடங்கியிருக்கிறாள். இருநூறு பதில் ஆனதும் உங்கள் இயந்திரம் அவளுக்குப் பச்சை நட்சத்திரம் போட்டுவிட்டது. என்னை மனிதனா என்று நாலு தரம் கேட்ட இயந்திரம், அவளைக் குழந்தையா என்று ஒரு தரம் கேட்டிருக்கலாம்.

ஆகவே பதினெட்டாம் விதியாகப் பின்வருவதைச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்: ‘பதினெட்டு வயது பூர்த்தியாகாத எவரும் பிறருடைய துயரத்தைத் தனியாகக் கேட்கும் பொறுப்பில் அமர்த்தப்படலாகாது.’ பதினாறு போதுமே என்று சிலர் சொல்வார்கள். பதினாறில் அதுகளுக்குச் சாதாரண தரப் பரீட்சை. நம்முடைய கொத்தமல்லிக் கதையெல்லாம் அதுகளுக்கு எதற்கு? சும்மா ஒரு சரி தட்டினால் ஏற்க வேண்டாம், பிறப்புச் சான்றிதழோ அடையாள அட்டையோ பாருங்கள். பார்க்க ஆளில்லை என்றால் நான் இருக்கிறேன், சம்பளம் வேண்டாம், கள்ளச் சான்றிதழை மோந்து பார்த்தே சொல்வேன். பிள்ளைகள் குழுமத்துக்கு வருவதைத் தடுக்க வேண்டாம். அதுகளுக்கும் கவலை இருக்கிறது, அதை எழுத ஒரு இடம் வையுங்கள், அதைக் கேட்கப் பெரியவர்களை வையுங்கள். பெரியவர்களுடைய கவலையை மட்டும் அதுகளின் தலையில் ஏற்ற வேண்டாம். அந்த நீக்கல் வசனத்தைத் திருப்பி எடுங்கள். அதற்குப் பதிலாக நிர்வாகி தன் கையால் இப்படி எழுத வேண்டும்: ‘முப்லிஹா, நீ பெரிய வேலை செய்தாய். உன் வயதில் உனக்கு நாங்கள் தந்திருக்கக்கூடாத வேலை அது. பிழை எங்களுடையது.’ சாகப்போகிறேன் என்று எழுதிய அந்த மனிதரைத் தேடிப் பிடித்து, இருக்கிறார் என்று அவளுக்கு ஒரு வரி அறிவியுங்கள். இல்லையென்றால் அதை அவளுக்கு அறிவிக்க வேண்டாம், எனக்கு அறிவியுங்கள்.

நான் இனி அவளுக்கு எழுதமாட்டேன் என்று தாய்க்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். சேலையை அஸ்மியாவுக்குக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டா. மிஞ்சின மலர்களில் ‘ஓய்வுபெற்ற தாதியர் மேற்பார்வையாளர்’, ‘அம்மையார்’ இரண்டையும் பேனையால் வெட்டினேன். அல்லி என்ற பெயரை மட்டும் வெட்ட மனம் வரவில்லை.

வேறு விசேடம் இல்லை. மருமகள் பிரஷாந்திக்கு என் அன்பு. அங்கே பனிக்காலம் தொடங்கப்போகிறது என்று வானொலியில் சொன்னார்கள். காதை மூடிக்கொண்டு திரியவும். தான்தோன்றீஸ்வரர் உங்கள் இருவருக்கும் துணை நிற்கட்டும், உங்கள் குழுமத்தில் பதில் வராமல் கிடக்கிறவர்களுக்கும் சேர்த்து. நான் நல்ல சுகம். எனக்குப் பேச ஆள் தேவை என்று நினைக்க வேண்டாம், தேவைப்படவில்லை. வேலை நேரத்தில் அழைத்துக் கஷ்டப்பட வேண்டாம். முறைப்பாட்டுக்குப் பதில் எழுத்தில் வந்தால் போதும்.

இங்ஙனம்,
தங்கள் கீழ்ப்படிவுள்ள உறுப்பினர்,
க. வினாயகமூர்த்தி

பி.கு.: தபால் கந்தோரில் முத்திரை ஒட்ட நின்றுகொண்டு இதை எழுதுகிறேன். மேலே உள்ளதெல்லாம் ஒரு பக்கம் கிடக்கட்டும், பதினெட்டோ இருபத்தொன்றோ உனக்குச் சரியென்று படுவதைப் போடு. அழைக்க வேண்டாம் என்று எழுதியது பொய். உன் அம்மாவின் அந்த மூன்று மணித்தியாலத்தை நான் சொல்லியிருக்க வேண்டிய ஆள் நீ. உனக்கு என்ன பேசுவதென்று தெரியாது, அது எனக்குத் தெரியும். நீ ஒன்றும் பேச வேண்டாம், போனைக் காதில் வைத்துக்கொண்டு இருந்தால் போதும். வாற கார்த்திகையில் உனக்கு நாற்பத்திரண்டு. உனக்கு வயது காணும், மகன்.